பாட்டு வகுப்பில் சேர்த்த பிறகு மகள் பாடுவதை நிறுத்திவிட்டாள்

தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். பல நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகளுக்கு ஐந்தரை வயது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாயில் பாட்டுதான். எல்லாம் அவளே கட்டியவை. "செருப்பு செருப்பு இடது செருப்பு, எங்கே போச்சு வலது செருப்பு" என்ற பாட்டு ஒரு மாதம் முழுக்க ஓடியது. இவ்வளவு ஆசை இருக்கிறதே என்று ஏழு மாதம் முன்பு பாட்டும் கீபோர்டும் சேர்ந்த வகுப்பு ஒன்றில் சேர்த்தோம். மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. அப்புறம்தான் கவனித்தேன், வீட்டில் சத்தமே இல்லை. பாடச் சொன்னால் "எனக்குச் சரியா வராது" என்கிறாள். "சரியா" என்ற சொல்லைப் பாட்டோடு சேர்த்து அவள் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

போன வாரம் வகுப்பின் கடைசி இருபது நிமிடம் உள்ளே உட்கார விட்டார்கள். ஒவ்வொரு குழந்தையாக எழுந்து நின்று பாட வேண்டும். தப்பு வந்தால் ஆசிரியர் கையை உயர்த்துவார், குழந்தை முதலிலிருந்து தொடங்கும். என் மகள் மூன்று தடவை தொடங்கினாள். மூன்றாவது தடவை குரலே எழவில்லை. ஃபிராக்கின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றாள். ஆசிரியர் திட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. இருந்தாலும் அந்த விரல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

தன்னம்பிக்கை வரட்டும் என்றுதான் சேர்த்தேன். நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் பாதியில் விட்டதாக அவள் மனதில் பதிந்துவிடுமா? வீட்டில் நானே ஏதாவது செய்ய முடியுமா? எனக்கு இசை தெரியாது.

இருமகனார்:

சகோதரி, அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். எனக்கு இரண்டு பையன்கள், பத்து வயதும் ஏழு வயதும். பெரியவனும் ஆறாவது மாதத்தில் இப்படித்தான் முரண்டு பிடித்தான். அந்த மேட்டைத் தாண்டினோம், இப்போது கூட்டத்தின் முன்னால் தயங்காமல் வாசிக்கிறான். முதலிலிருந்து தொடங்கச் சொல்வதில் தப்பில்லை. தவறான பழக்கம் விரலில் ஏறிவிட்டால் அதை இறக்குவது பெரும்பாடு. கற்பனையெல்லாம் அஸ்திவாரம் போட்ட பிறகு வருவது. எழுத்துத் தெரியாமல் யாராவது கவிதை எழுத முடியுமா?

அதோடு, இசை கற்றால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அதையும் யோசியுங்கள்.

சுருதிப்பெட்டி:

தூறல், நான் பதினாறு வருடமாக நாலு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: அவள் எந்தச் சுருதியில் பாட வேண்டியிருந்தது? பத்துக் குழந்தைகளையும் ஒரே சுருதியில், அதுவும் ஆசிரியருக்கு வசதியான சுருதியில் பாட வைப்பது நிறைய வகுப்புகளில் நடக்கிறது. அந்த வயதில் குரல் வசதியாக எட்டும் தூரம் ரொம்பச் சின்னது. கீபோர்டின் நடுவில் இருக்கும் சி கட்டைக்கு (மிடில் சி) அடுத்த டி-யில் தொடங்கி ஏ வரை, ஐந்து வெள்ளைக் கட்டைகள், அவ்வளவுதான் பல குழந்தைகளுக்குச் சுகமான இடம். பெரியவரின் கனத்த குரலோடு சேர்ந்து பாடச் சொன்னால், எங்கே போய் ஒட்டுவது என்றே குழந்தைக்குத் தெரியாது. கீழே இறங்கி முனகும், இல்லை கத்தும். நாம் "சுருதி சேரவில்லை" என்போம். குழந்தை "எனக்கு வராது" என்று புரிந்துகொள்ளும்.

வேகமும் அப்படித்தான். பெரியவர்களை இஷ்டத்துக்குத் தட்டச் சொன்னால் நிமிடத்துக்கு நூறு தட்டு பக்கம் வரும். நாலைந்து வயதுக் குழந்தையின் இயல்பான தட்டு சாதாரணமாக அதைவிட வேகம். "மெதுவாக, நிதானமாக" என்று நாம் சுலபமாக்குவதாக நினைத்துக் கொடுப்பதுதான் அதற்குக் கஷ்டம். குழந்தை முதலில் தட்டட்டும், அந்தத் தட்டுக்குள் நீங்கள் போய்ச் சேருங்கள். மெதுவாகப் பிடித்து நிறுத்தும் பலம் பிறகு தானாக வரும்.

இருமகனார் சார், உங்கள் எழுத்து உவமையையே எடுத்துக்கொள்கிறேன். குழந்தை எழுத்துக் கற்பதற்கு முன்னால் மூன்று வருடம் பேசிவிடுகிறது. "நேத்து நான் ஊருக்குப் போவேன்" என்று சொன்னால் நாம் கையை உயர்த்தி முதலிலிருந்து பேசு என்பதில்லை. "ஓ, நேத்து போனியா?" என்று பதில் சொல்கிறோம். அதிலேயே திருத்தம் இருக்கிறது, பேச்சும் நிற்கவில்லை. பேசினால் ஒருவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வார் என்ற நிச்சயம்தான் குழந்தையைப் பேச வைப்பது. செருப்புப் பாட்டு பாடிய குழந்தை பேசிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் வருவது நின்றுவிட்டது, தூறல். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். இசை தெரியாது என்பது இதற்குத் தடையே இல்லை. கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடலாம் என்று ஒரு விதி வையுங்கள். ஒரு ஸ்தாயியில் ஐந்து கறுப்புக் கட்டை. அந்த ஐந்துக்குள் அரைச்சுர இடைவெளி, அதாவது ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு கட்டைகளின் இடைவெளி, எங்கும் இல்லை, அதனால் எதை எதோடு சேர்த்து அழுத்தினாலும் காதைக் கீறாது. நம் கணக்கில் அது மோகன ராகத்தின் ச ரி க ப த. ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வழியில் கற்பிப்பவர்கள் குழந்தைகளுக்கான சைலஃபோனில் (குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி) ம, நி இரண்டின் பட்டைகளையும் கழற்றி வைத்துவிட்டுக் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தப்பு என்ற ஒன்றே இல்லாத இடத்தில் குழந்தையை உட்கார வைத்துப் பாருங்கள், முதல் இரண்டு நாள் சும்மா அடிக்கும். மூன்றாம் நாள் தேட ஆரம்பிக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் வாசித்து நிறுத்தியதும் நீங்கள் ஒரு சின்ன வரி வாசியுங்கள். அப்புறம் காத்திருங்கள். நிஜமாகவே காத்திருக்க வேண்டும். பத்து எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

பின்வரிசை:

இதைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டாம் வகுப்பில் பள்ளி விழாவுக்குக் கோஷ்டிப் பாட்டுப் பழகினோம். ஆசிரியை ஒவ்வொருவர் வாயருகிலும் காதைக் கொண்டுவந்து கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்று, "நீ பின்வரிசைக்குப் போ. உதட்டை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், தலையைக் கூடத் தடவினார்.

அதற்கப்புறம் முப்பது வருடம் நான் பாடவில்லை. யாராவது பிறந்தநாள் பாட்டுப் பாடினால்கூட உதட்டை மட்டும்தான் அசைப்பேன். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ராத்திரி மூன்று மணிக்கு அது அழுதபோதுதான் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சுருதி பிடிக்காத காது என்று உண்மையில் இருப்பது ரொம்ப அபூர்வம் என்று பிறகு படித்தேன். ஏழு வயதில் எனக்கு வேண்டியிருந்தது இரண்டு சுரம் மேலே ஏற்றிய ஒரு சுருதி, அவ்வளவுதானோ என்னவோ. தூறல், உங்கள் மகள் "வராது" என்று உங்களிடம் வாய்விட்டுச் சொல்கிறாளே, அது பெரிய விஷயம். நான் யாரிடமும் சொல்லவில்லை.

வில்லும்விரலும்:

நான் வயலின் வாசிப்பவன். இங்கே பேச்சு ஒரு பக்கமாகச் சாய்வதால் மற்ற பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரும்பத் திரும்பச் செய்வதை எதிரியாக ஆக்கிவிடாதீர்கள். ஒரே வரியை நானூறு தடவை வாசித்த கைதான் ஒரு நாள் தன் இஷ்டத்துக்குப் போகிறது. அதுவரை விரல் மனதுக்கு முட்டுக்கட்டை. எனக்குத் தன்னம்பிக்கை எந்தப் பாராட்டிலும் வரவில்லை. போன மாதம் முடியாத ஒரு இடம் இந்த மாதம் முடிந்தது, அதை என் காதாலேயே கேட்டேன், அதில் வந்தது. "நீ எது செய்தாலும் அழகு" என்று சொல்லி வளர்த்தால் அந்தச் சந்தோஷம் குழந்தைக்குக் கிடைக்காமலே போய்விடும். தான் வாசித்தது நன்றாக இல்லை என்று அதற்கே தெரியும். நாம் பொய் சொல்கிறோம் என்பதும் தெரியும்.

ஜப்பானில் வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுஸுகி செய்ததைக் கவனியுங்கள். தாய்மொழியைக் குழந்தை எப்படிக் கற்கிறதோ அப்படியே இசையையும் கற்கட்டும் என்பதுதான் அவர் கொள்கை. அதில் திரும்பச் செய்தல் மலையளவு. ஆனால் குழந்தை முதலில் இசையைக் காதால் கேட்கிறது, நாள் கணக்கில் கேட்கிறது. கூடவே அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து தானும் கற்கிறார். பழைய பாடத்தைத் தூக்கிப் போடுவதில்லை, பெரியவர்களான பிறகும் முதல் பாடத்தைக் கூட்டமாக வாசிக்கிறார்கள். ஆகவே கேள்வி திரும்பச் செய்வதா வேண்டாமா என்பதில்லை. தப்பின் போது யார் கை உயர்கிறது என்பதுதான். ஆசிரியர் கை உயர்ந்தால் குழந்தை ஆசிரியரைப் பார்த்துக்கொண்டே பாடும். தானே நிறுத்தி "இருங்க, இன்னொரு தடவை" என்று கேட்டால் அது தன் சத்தத்தைக் கேட்கிறது என்று அர்த்தம்.

சுருதிப்பெட்டி:

வில்லும்விரலும், கடைசி வரியைக் கையெடுத்து ஒப்புக்கொள்கிறேன். என் வகுப்பில் ஒரே வரியைப் பத்து தடவை பாட வைப்பேன், ஆனால் பத்தும் வேறு. தூங்குகிறவரை எழுப்பாமல் பாடு. யானை நடப்பது போல் பாடு. பாதி வரியை மனதுக்குள் பாடி மீதியை வெளியே பாடு. பத்தாவது தடவை எப்படி என்று ஒரு குழந்தை சொல்ல வேண்டும். ஒருத்தி "கோபம் வந்து, ஆனா காட்டக் கூடாது" என்றாள். ஆறு வயது! அந்த வரி இனி அவர்களுக்கு மறக்காது, அதைத் திருப்பிப் போடவும் தெரிந்துவிடும்.

மழலைவகுப்பு:

நான் இசை ஆசிரியை இல்லை, மழலையர் வகுப்பு எடுப்பவள். மூளை வளர்ச்சி பற்றி வந்த பேச்சுக்கு முதலில் சின்னதாக ஒரு பதில். மொஸார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும் என்ற நம்பிக்கை 1993-இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதில் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள், குழந்தைகளே இல்லை. கிடைத்த பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. 2004-இல் ஷெல்லென்பர்க் என்ற உளவியலாளர் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார். கீபோர்டோ பாட்டோ கற்றவர்களின் ஐ.க்யூ. மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறியது உண்மை. ஆனால் மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேறியது நாடகம் கற்ற குழந்தைகள். ஆகவே கணக்குக்காகப் பாட்டில் சேர்க்காதீர்கள். பாட்டு பாட்டுக்காகவே போதும்.

தன்னம்பிக்கைக்கு என்னிடம் ஒரு பையன் கதை இருக்கிறது. வந்து நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொள்வான். பாட்டு நேரத்தில் அவனைக் கதவருகே உட்கார விட்டேன், வா என்று இழுக்கவில்லை. ஒரு நாள் "நடத்துநர்" விளையாட்டு விளையாடினோம். ஒருவர் நடுவில் நின்று கையைத் தூக்கினால் எல்லோரும் பலமாகத் தட்ட வேண்டும், இறக்கினால் மெதுவாக, மூடினால் நிசப்தம். எல்லோரும் ஒரு சுற்று முடித்ததும் அவன் பக்கம் பார்த்தேன். தானாக எழுந்து வந்தான். வந்து என்ன செய்தான் தெரியுமா? கையைத் தூக்கவே இல்லை. மூடிய கையோடு நின்றான். இருபது குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சுண்டுவிரலை மட்டும் பிரித்தான். "டிக்" என்று ஒரே ஒரு தட்டு எல்லோரிடமிருந்தும் வந்தது. அவன் சிரித்தான். தன் விரலுக்கு ஒரு அறையே பதில் சொன்னது அவனுக்கு அதுதான் முதல் தடவை. மறுநாள் செருப்பைக் கழற்றும்போதே "இன்னைக்கும் நான்" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் இரண்டு சொற்கள் அவை.

சேர்ந்து இசைக்கும்போது வேறு ஒன்றும் நடக்கிறது. 2010-இல் வந்த ஒரு ஆய்வில் நாலு வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக விளையாட விட்டார்கள். ஒரு பகுதியினர் பாடி ஆடி விளையாடினர், மற்றவர்கள் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் ஆடினர். பிறகு பாடிய ஜோடிகளே ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்தும்போது இது நம் கையைவிட்டுப் போகிறது. தனியாகப் பாடுவது கடைசிப் படி. அதற்கு முன் கூட்டத்தோடு, பிறகு மூவராக, இருவராக, அப்புறம் பொம்மைக்கு, சுவரைப் பார்த்துக்கொண்டு என்று எத்தனையோ படி இருக்கிறது.

இருமகனார்:

நிறைய யோசிக்க வைத்துவிட்டீர்கள். பெரியவன் விஷயத்தில் நான் சொன்னது நடந்ததுதான். ஆனால் சின்னவனைப் பற்றி எழுதாமல் விட்டேன். அவனுக்குப் பயிற்சி செய்யும் ஒவ்வொரு நாளும் ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறோம், இருபது சேர்ந்தால் ஒரு பரிசு. நன்றாகத்தான் போகிறது. ஆனால் விடுமுறையில் அட்டையை எடுத்து வைத்தபோது ஒரு நாள்கூட அவன் கருவியைத் தொடவில்லை. பெரியவன் அப்படி இல்லை. இது ஏன் என்று யாராவது சொல்ல முடியுமா? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

சுருதிப்பெட்டி:

இதைச் சொன்னதற்கு நன்றி சார். 1973-இல் லெப்பர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் செய்த பரிசோதனை ஒன்று அப்படியே இதுதான். வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு மட்டும் "வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் போட்டு வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. ஆசை இருந்த இடத்தில் நட்சத்திரம் உட்கார்ந்துகொண்டது.

அட்டையைச் சட்டென்று பிடுங்காதீர்கள், தண்டனையாகத் தெரியும். அது தானாக முடியட்டும், அடுத்த அட்டை வேண்டாம். அதற்குப் பதில் தினமும் ஐந்து நிமிடம் அவன் உங்களுக்குச் சொல்லித் தரட்டும். நீங்கள் நிஜமாகவே கற்க வேண்டும். பாராட்டும்போது "சூப்பர்" வேண்டாம். கேட்டதைச் சொல்லுங்கள்: "அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்தாயே, ஏன்?" அவனிடம் ஒரு காரணம் இருக்கும். இல்லாவிட்டால் அங்கேயே ஒன்றைக் கண்டுபிடிப்பான்.

தூறல்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

வகுப்பை நிறுத்தவில்லை. ஆசிரியரிடம் தனியாகப் பேசினேன், குற்றம் சொல்லாமல். தனியாகப் பாடுவதைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்க முடியுமா, அவள் சுருதியை மாற்றிப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். போன வகுப்பில் இருவர் இருவராகப் பாட வைத்தாராம்.

வீட்டில் கறுப்புக் கட்டை விதி போட்டேன். முதல் நாள் அவள் வரவே இல்லை, நான் மட்டும் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டினேன். இரண்டாம் நாள் தூரத்தில் நின்று, "அம்மா, நீ தப்பா வாசிக்கிறியா சரியா வாசிக்கிறியா?" என்றாள். "தெரியல. கறுப்பு மட்டும்தான் தொடணும்னு விதி, அவ்வளவுதான் தெரியும்" என்றேன். உண்மையும் அதுதான். பக்கத்தில் வந்து ஒரு கட்டையை அழுத்தினாள். வாயில் வந்த பேச்சை விழுங்கிக்கொண்டு பத்து எண்ணினேன். ஏழு எண்ணும்போது இன்னொன்றை அழுத்தினாள்.

எங்கள் வீட்டில் ஸ்டோர் ரூம் கதவு திறக்கும்போது கீச்சென்று இரண்டு சத்தம் போடும், மேலே ஒன்று கீழே ஒன்று. ஐந்தாம் நாள் அதைக் கீபோர்டில் கண்டுபிடித்துவிட்டாள்! கதவைத் திறப்பாள், ஓடி வந்து தேடுவாள், மறுபடி ஓடுவாள். அரை மணி நேரம். கிடைத்ததும் அவள் போட்ட கூச்சலில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். அந்த இரண்டு சத்தத்தை வைத்து "கதவுப் பாட்டு" என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வரிகளும் வந்துவிட்டன. கதவுக்கு முட்டி வலியாம், அதனால் அழுகிறதாம். எனக்கு மழை வாசிக்கும் வேலை. நேற்று நடுவில் நிறுத்தி, "அம்மா, நீ முன்னாடி ஓடுற. என் கையைப் பார்த்து வா" என்றாள்.

ஒரு சந்தேகம். பாட்டு மறந்துவிடும், எழுதி வைக்கணும் என்கிறாள். சுரம் எழுதக் கற்றுத் தரலாமா? எனக்கே தெரியாது, யாரிடமாவது கேட்டு எழுதித் தர வேண்டும்.

சுருதிப்பெட்டி:

வேண்டாம், யாரிடமும் கேட்காதீர்கள். பெரிய தாளும் இரண்டு கலர் பென்சிலும் கொடுத்து, "நாளைக்கு நான் பார்த்து வாசிக்கிற மாதிரி நீயே எழுது" என்று சொல்லுங்கள். கோடோ, புள்ளியோ, கதவுப் படமோ, எது வேண்டுமானாலும் போடட்டும். மறுநாள் அதைப் பார்த்து அவள் எதிரில் நீங்கள் வாசியுங்கள். மேலே போகிறதா கீழே வருகிறதா, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று புரியாத இடத்தில் புரியவில்லை என்று கேளுங்கள். அவளே அடித்து மாற்றி எழுதுவாள். உண்மையான சுரக் குறிப்பு ஒரு வருடம் கழித்து வரட்டும், அப்போது அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பின்வரிசை:

தூறல், முடிந்தால் அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். கதவுப் பாட்டை என் பையனோடு நானும் பாடிப் பார்க்க ஆசை.

தூறல்:

அவளிடம் கேட்டேன். தரலாமாம். ஆனால் மழை வருகிற இடத்தில் நீங்கள் சத்தம் போட்டுப் பாட வேண்டுமாம், உதட்டை மட்டும் அசைக்கக் கூடாதாம். உங்கள் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன்.